க்ரூஸ் கப்பல்ல சரக்கு கொண்டு போறது எப்படி: பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய எல்லாம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் இருந்து க்ரூஸ் டிக்கெட் போடுறவங்க இப்போ நிறைய ஆயிட்டாங்க, டிக்கெட் கையில வந்ததும் குடும்பத்துல ஒருத்தராவது கேக்குற கேள்வி "அண்ணே, ஒரு ஃபுல் எடுத்துனு போலாமா?" தான். அதுக்கு ஒரே வார்த்தையில பதில் கிடையாது. கப்பல் கம்பெனிக்கு ஒரு ரூல், ஏர்போர்ட்டுக்கு ஒரு ரூல், இறங்குற நாட்டுக்கு ஒரு ரூல், நம்ம ஊர் சட்டம் ஒண்ணு, இதுல எது ரொம்ப கண்டிப்பா இருக்கோ அதுதான் உங்களுக்கு பொருந்தும்.

புதுசா போறவங்க தடுமாறுறது எல்லாமே வரிசை மாறுறதால தான். முதல்ல பாட்டில வாங்கிடுறாங்க, அப்பால பேக் பண்றாங்க, கடைசியா போர்டிங் க்யூவுல நின்னுகினு ரூல் படிக்கிறாங்க. இதை அப்படியே திருப்பி போட்டா காசும் மிச்சம், டென்ஷனும் இல்ல. கீழ இருக்குற வரிசையிலயே போங்க.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

புக்கிங் பேப்பர், பாஸ்போர்ட், ஃப்ளைட் இருந்தா அந்த டிக்கெட், ஒரு பேனா. புக்கிங் பேப்பர்ல மூணு விஷயத்தை வட்டம் போடுங்க: கம்பெனி பேரு, கப்பல் கிளம்புற ஊரு, நடுவுல நிக்கிற ஊருங்க. கம்பெனி பேரு மட்டும் போதாதா, ஊரு இன்னாத்துக்குன்னு கேக்கலாம், ஒரே கம்பெனியே அமெரிக்காவுல கிளம்புற கப்பலுக்கு ஒரு வயசும் சிங்கப்பூர்ல கிளம்புற கப்பலுக்கு வேற வயசும் வச்சிருக்கு, அதுக்குத்தான்.

ஏஜென்ட் "அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, எடுத்துனு போங்க"ன்னு சொல்லுவாரு. அதை நம்பாதீங்க. க்யூவுல உங்க பையை திறக்குறப்போ அவரு பக்கத்துல நிக்க மாட்டாரு. கம்பெனி சைட்டுல ஆல்கஹால் பாலிசின்னு இருக்குற பக்கத்தை நீங்களே திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போன்ல வைங்க, ஏன்னா டெர்மினல்ல நெட் கிடைக்காம போனா அதான் கை கொடுக்கும்.

2. உங்க கம்பெனி ரூல் எந்த வகைன்னு பாருங்க

இந்த ஸ்டெப்லதான் முக்கால்வாசி முடிவு ஆயிடும், அதனால பொறுமையா படிங்க. கம்பெனிங்களை மூணு வகையா பிரிக்கலாம்.

முதல் வகை, ஒரு சொட்டு கூட கூடாதுன்னு சொல்றவங்க. நம்ம சென்னை துறைமுகத்துக்கு சீசன்ல வர்ற கார்டீலியா இந்த வகை தான். வெளியில இருந்து சரக்கு கொண்டு வரக் கூடாது, உள்ள பார்ல வாங்கிக்கலாம். எம்எஸ்சி கம்பெனியும் இதே மாதிரி, ஒயின் கூட ஏத்த விட மாட்டாங்க. உங்க டிக்கெட் இந்த வகைன்னா 4, 6, 8 மூணையும் விட்டுட்டு நேரா 9-க்கு போங்க, 5-ல சென்னை துறைமுகம் பத்தின பகுதியை மட்டும் படிச்சிட்டு.

ரெண்டாவது வகை, ஒயினோ ஷாம்பெயினோ ஆளுக்கு ஒரு பாட்டில்னு விடுறவங்க. ராயல் கரீபியன்ல குடிக்கிற வயசு ஆன ஒவ்வொருத்தரும் ஏறுற அன்னைக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒண்ணு கொண்டு போகலாம். கார்னிவல்லயும் 21 வயசு ஆனவங்களுக்கு ஆளுக்கு ஒரு 750 மில்லி. பிரின்சஸ்லயும் ஆளுக்கு ஒண்ணு, அதை ரூம்லயே குடிச்சா தனி காசு இல்ல.

இதுல நம்ம ஆளுங்க கவனிக்காத வார்த்தை "ஒயின்". விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா, பீர் எதுவும் இதுல வராது. "ஒரு பாட்டில் அலவ்டு"ன்னு யாரோ சொன்னதை கேட்டுட்டு ஃபுல் பாட்டில் பிராந்தியோட போறவங்கதான் க்யூவுல மாட்டுறாங்க, ஃபுல் பாட்டிலும் அதே 750 மில்லி தானேன்னு வாதாடினா வேலைக்கு ஆகாது.

மூணாவது வகை, கொஞ்சம் தாராளம். நார்வீஜியன்ல ஒயின் எத்தனை பாட்டில் வேணாலும் கொண்டு போகலாம், ஆனா ஒவ்வொரு 750 மில்லிக்கும் 15 டாலர், ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டில்னா 30 டாலர் ஏறும்போதே கட்டணும். டிஸ்னி கப்பல்ல 21 ஆனவங்களுக்கு ரெண்டு பாட்டில் ஒயின், இல்லன்னா ஆறு பீர். ஹார்ட் சரக்கு இவங்ககிட்டயும் கிடையாது.

இன்னாத்துக்கு இவ்வளவு கெடுபிடின்னா, ரெண்டு காரணம். கப்பலுக்கு பார் வருமானம் பெருசு, டிக்கெட்டை கம்மியா கொடுத்துட்டு உள்ள விக்கிறதுல தான் எடுக்குறாங்க. இன்னொண்ணு, யாரு எவ்வளவு குடிச்சாங்கன்னு பார்ல இருக்குறவங்களுக்கு தெரிஞ்சா நிறுத்த முடியும், ரூமுக்குள்ள கதவை சாத்திகினு குடிக்கிறவங்களை நிறுத்த முடியாது, நடுக்கடல்ல பால்கனி கம்பி பக்கத்துல அது உயிருக்கே ஆபத்து. ரெண்டாவது காரணத்துக்காகவே இந்த ரூலை நான் மதிக்கிறேன்.

கட்டணமும் பாட்டில் கணக்கும் கம்பெனிங்க அடிக்கடி மாத்துவாங்க, அதனால கிளம்புற வாரம் இன்னொரு தடவை அந்த பக்கத்தை திறந்து பாருங்க.

3. வயசை சரி பாருங்க

தமிழ்நாட்டுல சட்டப்படி 21. ராயல் கரீபியன்ல அமெரிக்காவுல கிளம்புற கப்பலுக்கு 21, ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுல கிளம்புறதுக்கு 18. இதுல நடக்குற தப்பு: நாலு பேர் போறோம், நாலு பாட்டில்னு கணக்கு போட்டு 17 வயசு பையனோட பங்கையும் சேத்துடுறாங்க. வயசு ஆகாதவங்க பேர்ல பாட்டில் கிடையாது, அவங்க பையில இருந்தா பிடுங்குறது மட்டும் இல்ல, திருப்பியும் தர மாட்டாங்க.

4. எந்த பாட்டில் வாங்கணும்

ரூல் அனுமதிச்சா மட்டும் இந்த ஸ்டெப்புக்கு வாங்க. 750 மில்லி, கண்ணாடி பாட்டில், கம்பெனி சீல் உடையாம, லேபிள் கிழியாம. ஒரு லிட்டர் பாட்டில் கொண்டு போனா அளவு தாண்டிடுச்சுன்னு முழுசா எடுத்து வச்சிடுவாங்க, 250 மில்லிக்காக 1000 மில்லி போகும். அட்டைப்பெட்டி ஒயின் வேணாம். போர்ட், ஷெர்ரி மாதிரி ஸ்பிரிட் சேத்த ஒயினும் வேணாம், டிஸ்னி அதை ஒயின் கணக்குல எடுத்துக்கறதே இல்ல.

திருகு மூடி பாட்டிலா பாத்து வாங்குங்க. கார்க் போட்டதுன்னா ஓப்பனர் தேவைப்படும், அது கத்தியோட வர்ற டைப்பா இருந்தா செக்கிங்ல அதுவும் ஒரு பஞ்சாயத்து.

நம்ம பக்கம் வாங்குறதா இருந்தா டாஸ்மாக் எலைட் கடையில ஒயின் கிடைக்கும், சாதா கடையில தேடி அலையாதீங்க. கடை மதியம் 12 மணிக்கு தான் திறக்கும், காலையில ஃப்ளைட் வச்சிகினு அன்னைக்கு வாங்கிக்கலாம்னு இருந்தா முடியாது. அதுக்கு முந்தின நாள் காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம் மாதிரி லீவு நாளான்னு காலண்டரை பாருங்க. பில் கேட்டு வாங்கி பத்திரமா வைங்க. பில் இல்லாத ஃபாரின் பாட்டில் விலை கம்மின்னு யாராச்சும் சொன்னா வாங்காதீங்க, கஸ்டம்ஸ் கேட்டா காட்ட பேப்பர் இல்லாத பாட்டில், உள்ள இன்னா இருக்குன்னும் தெரியாது. புதுச்சேரில இருந்து வாங்கினு வர்றதும் வேணாம், பெர்மிட் இல்லாம எல்லை தாண்டி கொண்டு வந்தா நம்ம ஊர் மதுவிலக்கு போலீஸ் கேஸ் போடும்.

5. வீட்டுல இருந்து கப்பல் வரைக்கும் உள்ள வழி

சென்னை துறைமுகத்துல ஏறுறவங்களுக்கு: ராஜாஜி சாலை பக்கம் நமக்கு பழகின இடம், பீச் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம், அதனாலயே நிறைய பேர் சும்மா பஸ் ஸ்டாண்டுக்கு போற மாதிரி போறாங்க. துறைமுகம் சிஐஎஸ்எஃப் காவல்ல இருக்குற இடம். கேட்ல பேப்பர் செக், டெர்மினல்ல பை எக்ஸ்ரே, அப்புறம் கப்பல் வாசல்ல அவங்களோட செக்யூரிட்டி. போர்ட்ல மாமா வேலை பாக்குறாரு, மச்சான் தெரிஞ்சவருன்னு போன் போட்டு அவங்க வேலைக்கு உலை வைக்காதீங்க. கார்டீலியா வெளி சரக்கை விடாதுன்னு மேலயே சொல்லிட்டேன், பாட்டில வீட்டுலயே வச்சிட்டு வாங்க.

சிங்கப்பூர் போய் ஏறுறவங்களுக்கு: நடுவுல ஃப்ளைட் இருக்கு, இங்கதான் கணக்கு சிக்கலாகும். 100 மில்லிக்கு மேல எந்த திரவமும் கேபின் பையில போகாது, அதனால இங்க வாங்கின ஒயின் பாட்டில் செக்-இன் சூட்கேஸ்ல தான் போகணும். பெரிய துண்டுல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கி கட்டி, துணிக்கு நடுவுல வைங்க. ஒயின் 24 சதவீதத்துக்கு கீழ இருக்குறதால ஏர்லைன் பக்கம் ஆல்கஹாலுக்குன்னு தனி அளவு கிடையாது, 24-ல இருந்து 70 சதவீதம் வரைக்கும் இருக்குற சரக்குக்கு தான் ஆளுக்கு 5 லிட்டர்னு வரம்பு, 70-க்கு மேல சுத்தமா தடை.

அப்புறம் சிங்கப்பூர் கஸ்டம்ஸ். 18 வயசு ஆகி இருக்கணும், சிங்கப்பூருக்கு வெளிய 48 மணி நேரமாவது இருந்திருக்கணும், மலேசியாவுல இருந்து வந்திருக்கக் கூடாது, இந்த மூணும் சரியா இருந்தா ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் டியூட்டி இல்லாம போகலாம், ரெண்டு லிட்டருமே ஒயினா இருக்கலாம், இல்ல ஒரு லிட்டர் ஒயினும் ஒரு லிட்டர் ஹார்டும், ஆனா ரெண்டு லிட்டரும் ஹார்டா இருக்கக் கூடாது. டிக்கெட் விலை கம்மின்னு கோலாலம்பூர் வழியா வர்றவங்க அந்த மலேசியா ரூலை ரெண்டு தடவை படிங்க.

என் யோசனை என்னன்னா, சென்னையில வாங்கி தூக்கினு போறதை விட சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினதும் டியூட்டி ஃப்ரீ கடையில ஒயின் வாங்கிடுங்க. உடையுற பயம் இல்ல, வெயிட் இல்ல, பில்லும் கையில இருக்கும். மீனம்பாக்கத்துல டியூட்டி ஃப்ரீல வாங்குறதா இருந்தா அந்த சீல் வச்ச கவரை நடுவுல எந்த ஏர்போர்ட்லயும் பிரிக்காதீங்க, பிரிச்சிட்டா அடுத்த செக்கிங்ல 100 மில்லி ரூல் வந்து உக்காந்துக்கும்.

6. பாட்டில் எந்த பையில இருக்கணும்

இந்த ஒரு ஸ்டெப்பை மட்டும் ஒழுங்கா பண்ணா பாதி பிரச்சனை தீர்ந்துடும். ஃப்ளைட்ல பாட்டில் சூட்கேஸ்ல இருக்கணும், கப்பல்ல ஏறும்போது பாட்டில் கையில தூக்குற பையில இருக்கணும். ரெண்டும் நேர் எதிர். ஏர்போர்ட்ல இறங்கி நேரா டாக்சி புடிச்சு டெர்மினல் போயி, வாசல்ல நிக்கிற போர்ட்டர்கிட்ட சூட்கேஸை கொடுத்துடுறாங்க, பாட்டில் உள்ளயே போயிடுது. பெரிய பையில வர்ற பாட்டில், அனுமதிச்ச ஒயினாவே இருந்தாலும், ரூலுக்கு வெளிய தான்.

அப்புறம் இன்னா நடக்கும்னா, எல்லாரோட பையும் ரூம் வாசலுக்கு வந்துடும், உங்களுது மட்டும் வராது. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, கடைசியில கீழ் தளத்துல செக்யூரிட்டி ரூமுக்கு போயி, அவங்க முன்னாடி பையை திறந்து காட்டணும். மாத்து துணி, குழந்தை பால் பவுடர், பெரியவங்களோட சுகர் மாத்திரை எல்லாம் அந்த பையில தான் மாட்டியிருக்கும்.

அதனால சிங்கப்பூர்ல ஒரு ராத்திரி தங்குறவங்க லாட்ஜ்லயே பாட்டில ஹேண்ட் பேக்குக்கு மாத்திடுங்க. நேரா போறவங்க ஏர்போர்ட்ல பெல்ட்டுல இருந்து சூட்கேஸ் எடுத்ததும் அங்கயே ஓரமா நின்னு மாத்துங்க. மாத்திரையையும் அப்பவே கைப்பைக்கு எடுத்துக்கோங்க.

7. செக்கிங்ல நிக்கும்போது

எக்ஸ்ரேவுக்கு முன்னாடியே "ஒயின் இருக்கு"ன்னு சொல்லி பாட்டில வெளிய எடுத்து காட்டுங்க. ஒளிச்சு வச்சது மாதிரி தெரியாத பாட்டிலுக்கு யாரும் சண்டை போட மாட்டாங்க.

தண்ணி பாட்டில்ல வோட்கா ஊத்துறது, மவுத்வாஷ் டப்பாவுல கலர் போட்டு ஊத்துறது, ஷாம்பூ பாட்டில், மடிச்சு வைக்கிற பிளாஸ்டிக் பை, இதெல்லாம் வீடியோ பாத்துட்டு நம்ம பசங்க கேக்குறாங்க. பண்ணாதீங்க. ராயல் கரீபியன் பாலிசியிலயே தண்ணி பாட்டில், சோடா பாட்டில், மவுத்வாஷ் எல்லாத்தையும் திறந்து பாப்போம்னு எழுதியிருக்கு. மாட்டினா சரக்கை கொட்டிடுவாங்க, திருப்பி தர மாட்டாங்க, பயணத்தையே ரத்து பண்ற அதிகாரமும் அவங்களுக்கு இருக்கு. ஒரு குவாட்டருக்காக மொத்த குடும்பத்தோட டிக்கெட் காசையும் பணயம் வைக்கிறது அது.

கலர் சோடா, பன்னீர் சோடா பிரியர்களுக்கு: குளிர்பானத்துக்கும் கணக்கு உண்டு. ராயல் கரீபியன்ல ஒரு ரூமுக்கு 12 கேனோ பாட்டிலோ, அதுவும் கைப்பையில. கார்னிவல்ல ஆளுக்கு 12 கேன், ஆனா தண்ணி பாட்டில் கூடாது.

வீட்டு பெரியவங்க தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம்னு குடிச்சினு இருப்பாங்க, அதுலயும் ஆல்கஹால் இருக்கு. அதை வேற பாட்டில்ல மாத்தி ஊத்தினா கண்டிப்பா சந்தேகப்படுவாங்க. கடையில வாங்கின பாட்டில் அப்படியே, லேபிளோட, வைத்தியர் சீட்டோட வச்சிக்கோங்க, சின்ன பாட்டிலா இருந்தா இன்னும் நல்லது.

8. உள்ள போனப்புறம் பாட்டில எங்க திறக்கலாம்

ரூம்ல திறந்தா ரூல் ஒண்ணு, சாப்பாட்டு ஹால்ல திறந்தா வேற. நம்ம பாட்டில அவங்க டேபிள்ல திறந்து கிளாஸ்ல ஊத்தி கொடுக்குறதுக்கு வாங்குற காசை கார்க்கேஜ்னு சொல்லுவாங்க, கார்னிவல்ல பாட்டிலுக்கு 15 டாலர், நம்ம காசுல ஆயிரத்து இருநூறுக்கு மேல ஆயிடும். எலைட் கடையில எழுநூறு ரூபாய்க்கு வாங்கின பாட்டிலுக்கு இதை கட்டுறது வீண். ரூம்லயே வச்சு நிதானமா குடிங்க, ரூம் பையன்கிட்ட ரெண்டு கிளாஸும் ஐஸும் கேட்டா கொண்டாந்து தருவாரு.

9. பார் கணக்கு, பேக்கேஜ் எடுக்கலாமா

வெளி சரக்கு விடாத கப்பல்ல போறவங்க இதை கட்டாயம் போட்டு பாக்கணும். பேக்கேஜ்னா நாளுக்கு இவ்வளவுன்னு மொத்தமா கட்டிட்டு கப்பல் பார்ல குடிக்கிறது. உதாரணத்துக்கு அது ஒரு நாளைக்கு 70 டாலர்னு வைங்க, அது மேல 18 சதவீதம் சர்வீஸ் காசு ஏறும், மொத்தம் 82.60. தனியா வாங்கினா ஒரு டிரிங்க் 13 டாலர், 18 சதவீதம் சேத்து 15.34. வகுத்து பாத்தா ஒரு நாளைக்கு ஆறு டிரிங்க் குடிச்சா தான் பேக்கேஜ் லாபம். தினமும் ஆறு, அதுவும் ஊர் சுத்த இறங்குற நாள்லயும். ரெண்டு பெக் போடுற ஆளுக்கு இது நஷ்டம், காசு கட்டிட்டோமேன்னு அளவு தாண்டி குடிக்கவும் வைக்கும், அதனால நான் பெரும்பாலும் வேணாம்னு தான் சொல்லுவேன்.

நம்ம வீடுங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. ராயல் கரீபியன், கார்னிவல் ரெண்டுலயும் ஒரு ரூம்ல ஒருத்தர் சரக்கு பேக்கேஜ் எடுத்தா அதே ரூம்ல இருக்குற மத்த பெரியவங்களும் எடுத்தாகணும். வீட்டம்மா தொடவே மாட்டாங்க, ஆனா அவங்களுக்கும் முழு காசு. இதை தெரியாம ஒருத்தருக்கு மட்டும்னு பட்ஜெட் போட்டு வர்றாங்க. கார்னிவல் பேக்கேஜ்ல 24 மணி நேரத்துக்கு 15 டிரிங்க்னு வரம்பும் உண்டு. எடுக்கத்தான் போறீங்கன்னா கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல எடுங்க, உள்ள போயி எடுத்தா விலை கூட.

10. நடுவுல இறங்குற ஊருல

கரையில வாங்குற பாட்டில கப்பல் வாசல்ல வாங்கி வச்சிகினு டோக்கன் கொடுப்பாங்க, கடைசி ராத்திரியோ கடைசி நாளோ தான் திருப்பி கிடைக்கும். கப்பலுக்குள்ள இருக்குற கடையில வாங்கினாலும் அதே கதை. இன்னைக்கு சாயங்காலத்துக்குன்னு கரையில வாங்காதீங்க.

சென்னையில இருந்து கார்டீலியா இலங்கை பக்கம் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு போயிருக்கு. அந்த ரூட்டுல போறவங்க பௌர்ணமி என்னைக்குன்னு பாருங்க, போயா நாள்னு அங்க லீவு, சரக்கு விக்கவே மாட்டாங்க. லட்சத்தீவு நிக்கிற கப்பல்னா பங்காரம் தவிர மத்த தீவுகள்ல மதுவிலக்கு, பையில ஒண்ணும் வச்சிகினு இறங்கக் கூடாது. குஜராத்தும் அப்படித்தான்.

11. திரும்பி வரும்போது

வெளிநாடு போயிட்டு வந்தா ஆளுக்கு 2 லிட்டர் டியூட்டி இல்லாம கொண்டு வரலாம், சரக்கு, ஒயின், பீர் எல்லாம் சேத்து. நாலு பேர் பங்கை ஒருத்தர் பையில போட்டு "இது எல்லாருக்கும்"னு சொல்ல முடியாது, சேத்து கணக்கு பண்ண மாட்டாங்க, அவங்கவங்க பாட்டில் அவங்கவங்க பையில. கூட இருந்தா கஸ்டம்ஸ்ல டியூட்டி கட்ட வேண்டியவங்க போற ரெட் சேனல் வழியா போயி நீங்களே சொல்லிடுங்க, டியூட்டி கனமாத்தான் இருக்கும், ஆனா மறைச்சு மாட்டினா பாட்டிலும் போகும் அபராதமும் வரும். கப்பல் வெளிநாட்டை தொடாம வந்திருந்தா இந்த சலுகையே கிடையாது.

ஃப்ளைட்ல வர்றவங்க, கடைசி ராத்திரி கைக்கு வர்ற பாட்டில மறுபடியும் சூட்கேஸ்க்கு மாத்தணும். ஆனா இதுலயும் ஒரு சிக்கல்: பெரிய பையை அன்னைக்கு ராத்திரியே ரூம் வாசல்ல வைக்க சொல்லுவாங்க, பாட்டில் அதுக்கு அப்புறம் தான் வரும். அதனால சூட்கேஸ்ல பாட்டில் அளவுக்கு இடம் விட்டு, ஒரு துண்டை மட்டும் கைப்பையில எடுத்து வச்சிக்கோங்க, கரையில இறங்கினதும் சுத்தி உள்ள வச்சிடலாம். டியூட்டி ஃப்ரீ பில்லையும் போர்டிங் பாஸையும் வீடு போய் சேர்ற வரைக்கும் சட்டைப் பையிலயே வைங்க, ராத்திரி பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது வண்டி செக்கிங் இருந்தா அந்த பில்லை காட்டினா போதும்.